பிளக் காய்கிற நேரம்

அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் இரண்டு விஷயங்களை வேண்டிக்கொண்டிருந்தார்கள். மாமா கொண்டுவந்த மரம் அறுக்கும் மிஷின் ஸ்டார்ட் ஆக வேண்டும். அதுவரை அத்தைக்கு வலி கூடாமல் இருக்க வேண்டும். மிஷின் அசையவில்லை. வலி நிற்கவில்லை. தெருவுக்கும் சமையலறைக்குமாக ஓடிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

முந்தைய நாள் புயல். தாம்பரத்தில் விழுந்த மரங்களைவிட நிற்கிற மரங்களை எண்ணுவது சுலபம் என்னும்படி அடித்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தெருவை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. மறுகோடியில் ஏரித் தண்ணீர். கரண்ட் கிடையாது, போனில் டவர் கிடையாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் வழியில்லை, கூப்பிட்டாலும் அது வர வழியில்லை. அப்பாவின் கார் மட்டும் கழுவிவிட்டது போல வாசலில் பளபளவென்று நின்றது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும் என்பது முறை. தாத்தாவும் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்கள் வீடே அவளுக்குத் தாய்வீடு. அவள் புருஷன்தான் மாமா, ஊரப்பாக்கத்தில் இருந்தார். மறைமலை நகரில் காருக்குப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். விடிந்ததும், தெரிந்த மரக்கடை ஒன்றில் மிஷினை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டு, மரத்துக்கு அந்தப் பக்கமே பைக்கை விட்டுவிட்டு, கிளைகளுக்குள் நுழைந்து வந்து சேர்ந்தார். எப்படி ஸ்டார்ட் செய்வதென்று மரக்கடைக்காரர் விளக்கமாகச் சொன்னாராம். மாமா தலையை ஆட்டினாராம். அதில் எவ்வளவு காதில் ஏறியிருந்தது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

மாமா, பெட்ரோலைக் கூடுதலாக விடும் சோக்கை இழுத்துவிட்டு, மிஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தார். மிஷின் ஒரு தடவை இருமியது. எல்லோரும் சந்தோஷமாகப் பின்னால் நகர்ந்தோம். அதோடு சரி. அதற்குப் பிறகு எத்தனை ஸ்தோத்திரம் சொல்லி இழுத்தாலும் புஸ்ஸென்று ஒரு சத்தம், கயிறு உள்ளே போய்விடும்.

எங்கள் தெரு ஆண்களெல்லாம் பழைய ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டிக் குடும்பம் நடத்தியவர்கள். காலையில் ஸ்கூட்டர் மக்கர் செய்தால் சோக்கைப் போட்டு, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, நிமிர்த்தி உதைப்பார்கள். அந்த வைத்தியத்தையே இதற்கும் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஏர்ஃபோர்ஸ் அங்கிள், வேலையிலிருந்து ரிட்டயர் ஆனாலும் மீசையை ரிட்டயர் செய்யாதவர், மிஷினைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பெட்ரோல் ஏறவில்லை, சோக் போட்டபடியே இழுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா இழுத்தார். மாமா இழுத்தார். அங்கிளும் இழுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்கப் பெட்ரோல் வாடை. ஏறவில்லை என்று சொன்னவர் மூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

அம்மா என்னைக் கூப்பிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவரச் சொல்வாள். இதோ பத்து நிமிஷம் என்பார் மாமா. உடனே, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்பார். நான் உள்ளே ஓடுவேன். அத்தை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். வலி விட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்து, நல்லா இருக்கேன்னு சொல்லு என்பாள். நான் வெளியே ஓடி அதைச் சொல்வேன். அந்தப் பத்து நிமிஷமும் பொய், இந்த நல்லா இருக்கேனும் பொய் என்று எனக்குத் தெரிந்தது. மிஷின் ஸ்டார்ட் ஆகி வழி திறந்தால்தான் குழந்தை வெளியே வரும், இல்லாவிட்டால் அத்தையின் வயிறு வெடித்துவிடும் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். மாமா ஒரு தடவைகூட உள்ளே வந்து எட்டிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது. கயிற்றை விட்டால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதனாலேயோ என்னவோ இழுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அப்பா சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினார். அதிலிருந்து பெட்ரோல் சொட்டியது. அதைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, அம்மாவிடம் தந்து அடுப்பில் காட்டி எடுத்துவரச் சொன்னார். ஸ்கூட்டர் பிளக்குகளும் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில்தான் காயும்.

சமையலறைக்குப் போனால் பின்கதவு திறந்திருந்தது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம், எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா நின்றிருந்தாள். அவள் வீடு பின்தெருவில். அவள் புருஷன் கோவளத்திலிருந்து மீன் ஏற்றிவரும் லோடு ஆட்டோ வைத்திருந்தார்.

"இன்னாம்மா, வலியெடுத்த பொண்ண வூட்ல வெச்சிகினு மரத்தப் பாத்துகினு கீறீங்க," என்றாள். "எங்க தெருவுல தண்ணி இல்ல. வண்டி ரெடியா கீது. ஒரு ஸ்டூலப் போட்டு ஏத்தி வுடு."

அந்த இடுப்பளவுச் சுவருக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது என்பது வாசலில் நின்ற ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் எப்போதும் முன்வாசல் வழியாகக் காரில் போய்வருகிறவர்கள். பின்சுவர் மீன் வாங்குகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த வழி. அம்மா மாமாவைக் கூப்பிடத் திரும்பினாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. அவரு அங்கயே இருக்கட்டும்."

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பையை எடுக்கப் போய்விட்டாள்.

என் கையில் என்ன என்று அத்தை கேட்டாள். சொன்னேன். துணியோடு வாங்கி, அடுப்பைப் பற்றவைத்து, பிளக்கை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினாள். பெட்ரோல் குப்பென்று பிடித்து அடங்கியது. அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. நெற்றியை அலமாரியில் முட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். இடுக்கி பிடித்த கை மட்டும் அசையவில்லை. வலி போனதும் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, துணியில் வைத்து என்னிடம் தந்தாள்.

"சூடா இருக்கு, பாத்து. மாமா கேட்டா படுத்திருக்கேன்னு சொல்லு. மிஷின் ஓடினதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

பிறகு ஸ்டூலில் அவளே ஏறினாள். இந்தப் பக்கம் அம்மா தாங்கினாள், அந்தப் பக்கம் மீன் பெட்டிகளை அடுக்கி வைத்து மீன்கார அக்கா பிடித்து இறக்கினாள். அம்மாவும் பையோடு தாண்டினாள். அத்தை திரும்பிப் பார்க்காமல் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

நான் பிளக்கை வெளியே கொண்டுபோனேன். அது காய்ந்த நேரத்தில் மாமாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை போலும். பிளக் இல்லாத மிஷினையே இழுத்துக்கொண்டிருந்தார். ஓட்டை வழியாக உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் பீய்ச்சி அடித்து, ஏர்ஃபோர்ஸ் அங்கிளின் சட்டையெல்லாம் ஈரம். மாமா நான் எதிர்பார்த்ததையே கேட்டார். படுத்திருக்காங்க என்றேன்.

அப்பா பிளக்கை முடுக்கினார். அவசரத்தில் மறுபடி சோக் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாமாவிடம் முழு ஸ்தோத்திரத்துக்குத் தெம்பில்லை. "ஸ்தோ" என்றதோடு இழுத்தார். மிஷின் தெருவே அதிரும்படி உறுமியது. முதல் இருமலுக்குப் பிறகு சோக்கைத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் வெள்ளம்தான் என்று மரக்கடைக்காரர் அன்று காலையே சொன்னாராம்.

மாமா வெறி பிடித்தவர் போல அறுத்தார். மரத்தூள் தலையிலும் புருவத்திலும் படிந்தது. ஒரு கார் போகிற அளவுக்கு வழி கிடைத்ததும், மிஷினை ஆஃப் செய்து, கையில் பிடித்தபடியே சேற்றுக் காலோடு உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கட்டிலில் யாரும் இல்லை. சமையலறையில் அணைக்க மறந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பின்சுவரருகே ஸ்டூல்.

மாமா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன், மீன் வண்டி உட்பட. அறை விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.

"நடந்தா போனா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. அவங்களே ஸ்டூல்ல ஏறி, நடந்துதான் போனாங்க."

மாமா அடுப்பை அணைத்தார். மிஷினை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார். "ஸ்தோத்திரம்" என்று முழுசாகச் சொன்னார். பிறகு வாய்விட்டு அழுதார். அவ்வளவு பெரிய மரத்தை அறுத்தது வீணாகப் போன வருத்தம் என்று நினைத்து, வரும்போது காரில் வரலாம் மாமா என்று அவரைத் தேற்றினேன்.

அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்து பல நாள் வரை அவள் மேல் மீன் வாடை அடித்ததாக அப்பா இன்றும் கேலி செய்வார். அவளுக்கு இப்போது அன்றைக்கு எனக்கிருந்த வயது. போன கிறிஸ்துமஸுக்கு அவள் எங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி, அம்மா தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னாள். அவளுக்கு முன்னால் அத்தை வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது. அத்தைக்குக் காய்ச்சல் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்தத் தடவை காலை ஊன்ற முடியாத அத்தையை மாமாதான் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் ஓடியிருக்கிறார். உள்ளே இருந்த உயிர் அவர் கையில் இருக்கும்போதே போய்விட்டதாக டாக்டர் சொன்னாராம். இந்தத் தடவை அவர் தூக்கி நான் போகக் கூடாது அண்ணி, என் காலால்தான் போக வேண்டும் என்று அத்தை மாதக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அன்றைக்கு மாமாவிடம் நான் கொண்டுபோன செய்திகளில், அத்தை நடந்து போனாள் என்ற அது ஒன்றுதான் உண்மை. ஒருத்தி நடந்து போனாள் என்பதற்கு ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவார் என்று தெரியாமல், கையில் பிளக் துணியோடு விழித்துக்கொண்டு நின்றேன்.