வேலாயி பஸ் ஏறினாள்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள் வேலாயி. வயது ஐம்பத்திரண்டு. கடைசிப் பிள்ளையைப் பெற்ற பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கத் தொடங்கியது. கொழுந்து மூட்டையோடு மலை இறங்கும்போது அடியில் ஏதோ கழன்று விழப்போவது போலிருக்கும். பதினெட்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் அழகனிடம்கூட "இடுப்பு வலிங்க" என்பதோடு சரி.

போன வருடம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீடு வந்த மூன்றாம் வாரம் ஒரு தும்மல் தும்மினாள், சேலை நனைந்துவிட்டது. பிறகு இருமினாலும் சிரித்தாலும் அதே கதி. கொத்மலையில் கட்டிக்கொடுத்த மகள் சர்மிளாவுக்குப் பிள்ளை பிறந்தபோதும் அவள் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, அத்தனை பேர் நடுவே உட்கார்ந்து போக வேண்டுமே. மகள் போனில் அழுதாள்.

"எம்மேல என்னம்மா கோவம் ஒங்களுக்கு?"

அந்த அழுகைதான் அவளை வாய் திறக்க வைத்தது. அடுத்த கிளினிக்கில் அழகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ரினோஸா. ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீரின் மகள். முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, இது ஒங்க தப்பில்ல. அடியில இருக்க தசைதான் எல்லாத்தையும் தாங்குது. பிள்ள பெத்து, பாரம் தூக்கி, அது தளந்து போச்சு. பயிற்சி குடுத்தா தேறும்."

"சொல்லவே வெக்கமா இருக்கு மிஸ்."

"எனக்கு வெக்கமில்ல, படுங்க. மூத்திரத்த அடக்குற மாதிரி உள்ளுக்கு இறுக்குங்க. மூச்ச மட்டும் புடிக்காதீங்க."

முதல் நாள் வேலாயி வயிற்றை எக்கினாள், பல்லைக் கடித்தாள். ரினோஸா சிரிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் முறை போனபோதுதான் அந்தத் தசை பிடிபட்டது. இறுக்கி ஐந்து எண்ண வேண்டும், விட்டு ஐந்து எண்ண வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதத்துக்குப் பாரமே தூக்கக்கூடாது.

"தண்ணிய நான் கொண்டாறேன், நீ எண்ணு" என்றான் அழகன். பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவன் குடத்தோடு நிற்பதைப் பார்த்து லயத்து வீடுகளின் ஆண்கள் கேலி செய்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. குடம் நிறைந்ததும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

நான்காம் மாதம் ஒருநாள் மிளகாய் வறுத்த நெடியில் இருமித் தள்ளினாள் வேலாயி. அடங்கிய பிறகுதான் உறைத்தது, சேலை நனையவில்லை. அந்த ஞாயிறே பஸ் ஏறினாள்.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "கோவமில்ல கண்ணு, வெக்கந்தான். நீயும் இப்பவே பயிற்சி செய்யி, என்னையாட்டம் மறைச்சு வைக்காத."

திரும்பி வந்ததும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை வைத்தாள்.

"யாரு பேருக்கு?" என்றார் பூசாரி.

"ரினோஸா."

"நட்சத்திரம்?"

"முஸ்லிம் பிள்ளைங்க சாமி, நட்சத்திரம் தெரியாது. பேரச் சொன்னா ஆத்தாவுக்கு வெளங்கும்."

பூசாரி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மணியை எடுத்து, அந்தப் பெயரை உரக்கவே சொன்னார்.