சுருளிவேலின் இடக்கன்னம்

கியரை மாற்றுவதற்கு முன்னால் சுருளிவேல் கன்னத்தை மாற்றுவார். வாயில் குதப்பிக்கொண்டிருக்கும் வெற்றிலையும் புகையிலையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனால் மேடு வரப்போகிறது. மறுபடி இடப்பக்கம் வந்தால் இறக்கம். கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிப்போகும் அவர் ஜீப்பில், முன்சீட்டில் உட்காருகிறவர்கள் சாலையைப் பார்ப்பதில்லை. அவர் கன்னத்தைப் பார்த்துத்தான் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆள் குள்ளம். எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்குக்கு மேல் தலைப்பாகை மட்டும்தான் தெரியும். காலையில் ஜீப்பின் பானட்டை இரண்டு தட்டுத் தட்டி, "எந்திரி தாயி, ஊரே முழிச்சிருச்சு" என்பார். பெண்டாட்டி பஞ்சம்மாளை அவர் இவ்வளவு பதமாக எழுப்பியதில்லை என்பது அந்த அம்மாளின் நெடுநாள் குறை. அஞ்சு பாஷையில் கோபிக்கத் தெரியும் என்று பெருமை வேறு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் போக மிச்சம் எது என்று கேட்டால் ஹார்னை அடித்துக் காட்டுவார்.

போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போவதில்லை. தேனி பஜார் பாத்திரக்கடைக்காரர் ஒருவரின் மகளும் மகனும் ஜீப்பை வாடகைக்குப் பேசிக்கொண்டார்கள். மகள் செல்வமணி மதுரையில் கல்லூரி ஆசிரியை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வெவ்வேறு பாஷையும் சாமியுமாக வாழ்கிற ஜனங்கள் வீட்டுக்கு வந்தவரை எப்படியெல்லாம் உபசரிக்கிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சி. தம்பி வைகுண்டராஜ் டாக்டர். வாய்ப்புற்றுநோய் உயிரணுவுக்குள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தேடுகிறவர். போகிற வீடுகளில் ஆட்களின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மரக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப்போவார்.

"அக்காவுக்கு வாசப்படி வேணும், தம்பிக்கு வாயி வேணும். ரெண்டுக்கும் சாவி எங்கிட்டல்ல இருக்கு" என்பார் சுருளிவேல்.

வெற்றிலைதான் அந்தச் சாவி. அவர் வருவதற்கு முன்னால் அக்காவும் தம்பியும் தனியாக வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். தட்டு வந்தது. "எங்களுக்குப் பழக்கமில்லை" என்றார்கள். தட்டு உள்ளே போனது. கூடவே பேச்சும் உள்ளே போய்விட்டது. சுருளிவேல் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. இருவருக்கும் சேர்த்து அவர் போட்டுக்கொள்வார். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டில் தேநீருக்குப் பிறகு, தெலுங்கு பேசும் வீட்டில் வாசல்படி ஏறியதும், கன்னடத்து வீட்டில் கிளம்பும்போது. யார் காம்பு கிள்ளிக் கொடுக்கிறார்கள், யார் கிள்ளாமல் கொடுக்கிறார்கள் என்று செல்வமணி கவனிப்பார். ஆக, பள்ளத்தாக்கின் பண்பாடு முழுவதும் அந்த ஒரு மனிதரின் கன்னத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

டாக்டரின் ஆராய்ச்சியும் அவருக்குப் புரியாமல் இல்லை. மலை இறக்கத்தில் பயணிகளுக்கு விளக்கவே செய்வார். "ஒடம்புல கண்ணுக்குத் தெரியாத அணு இருக்காம். அது பெருகிப் பெருகித்தான் தோலு, சதை எல்லாம். போதும்னு நிறுத்துறதுக்கு உள்ளுக்குள்ளயே ஒரு பிரேக்கு இருக்காம். பொகையில அந்தப் பிரேக்கத்தான் திங்குதுன்னு டாக்டர் தம்பி சொன்னாக." சொல்லிவிட்டு வெளியே எட்டித் துப்புவார். பயணிகள் பிரேக்கைப் பற்றி மட்டும் கவலைப்படுவார்கள்.

கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, அக்கா. போன மாதம் ராயப்பன்பட்டி மேட்டில் ஜீப் ஏறும்போது செல்வமணி திடீரென்று கேட்டார்: "அண்ணே, கொஞ்ச நாளா கன்னத்தை மாத்தாமலே கியர் போடறீங்களே, ஏன்?"

"அது சும்மாம்மா. வண்டி பழகிருச்சு."

"இடப்பக்கம் கொண்டுபோறதே இல்லையே."

வைகுண்டராஜ் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்த மனிதர், தன் வாயைத் திறக்க ஒரு பீடி நேரம் அடம்பிடித்தார். திறந்தபோது இடக்கன்னத்தின் உள்ளே சுண்ணாம்பு உதிர்ந்தது போல வெள்ளைத் திட்டு. எரிச்சல் தாங்காமல்தான் வலப்பக்கமே குதப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னும் முத்தலை அண்ணே. இன்னைக்கே விட்டாத் தப்பிச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

"விட்டா, எந்த வீட்ல நம்மள உக்காரச் சொல்லுவாக? வெத்தலய வேண்டாம்னா ஒறவே வேண்டாம்னு அர்த்தம் தம்பி." பயந்துதான் போயிருந்தார், பாவம்.

அடுத்த ஞாயிறு குச்சனூர்ப் பக்கம் சோணையம்மாள் வீடு. அந்தத் தெருவுக்கே பெரிய மனுஷி. மாமியாரால் மாதக்கணக்கில் காரம் சாப்பிட முடியவில்லை என்று மருமகள் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாயில் புண். ஆனால் யாருக்கும் காட்டமாட்டாள். அவள் முறைத்துக்கொண்டால் தெருவே கதவைச் சாத்திவிடும். அவள் புண்ணும் அப்படியே கிடக்கும்.

உட்கார்ந்ததும் தட்டு வந்தது. சுருளிவேல் வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏலே சுருளி, எங்க வீட்டு வெத்தல கசக்குதாக்கும்?" கிழவி பாக்குவெட்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒன் வெத்தல நெஞ்சுகிட்டயே இருக்கட்டும் ஆத்தா. வாயிக்குத்தான் குடுத்து வைக்கல. இங்கன வந்து பாரு."

டாக்டரிடம் டார்ச்சை வாங்கினார். கிழவிக்கு முன்னால் குத்தவைத்து, தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்து, ஒரு விரலால் இடக்கன்னத்தை இழுத்துப் பிடித்துத் தன் வாய்க்குள் தானே வெளிச்சம் அடித்தார். சோணையம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாயிலிருந்த வெற்றிலையை முற்றத்தில் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுருளிவேல் தன் வாயை மூடவில்லை. டார்ச்சை மட்டும் மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.