மூன்றாவது பேர்

வெள்ளைக்காரர் என்றால் வேதக்காரர் என்றுதான் ராயபுரத்தில் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அதனால்தான், அந்த ஜெர்மன்காரரை நான் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் ஒரு மாதா படத்தை இரவல் வாங்கி வந்தாள். எங்கள் அம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே அதை மாட்டி, பூவும் வைத்துவிட்டாள்.

அவர் கப்பல் தச்சர். அவருடைய கப்பல் பழுதாகித் துறைமுகத்தில் நின்றது. அந்த வேலை, நான் ஃபிட்டராக இருந்த பட்டறைக்கு வந்தது. ஜெர்மன்காரர் என்று தெரிந்த அன்றே பட்டறையில் அவருக்கு எம்டன் என்று பேர் வைத்துவிட்டார்கள். முதல் உலகச் சண்டையில் நம்ம ஊர்மேல் குண்டு போட்ட கப்பலின் பேர். விஷயம் புரிந்ததும் மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கயிறு, அதில் இரும்பில் செய்த சின்னச் சுத்தி. "இன்னா மாமு, தொழிலையே தாலியாக் கட்டிகினு கீறாரு!" என்று என் தோஸ்து கிண்டல் பண்ணுவான். நானும் அது தச்சு வேலைக்கு அடையாளம் என்றே நம்பியிருந்தேன்.

அன்று இலையில் உட்கார்ந்தவர் மாதா படத்தைப் பார்த்தார். கும்பிட்டார். "நல்ல அம்மா. ஆனா என் அம்மா இல்ல" என்றார். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே மாதிரி நொண்டும். அதனால் புரிந்துகொள்வதில் கஷ்டம் இல்லை.

"இன்னாவாம்?" என்றாள் மனைவி.

"வேதக்காரர் இல்லியாம்."

"அப்ப பாயா?"

"அதுவும் இல்லியாம்."

"ஐயோ பாவம், சாமியே இல்லாமயா கடல்ல சுத்திகினு கீறாரு?"

சாமி இருந்தது. வேதம் வருவதற்கு முன்னால் அவருடைய ஜனங்கள் கும்பிட்ட பழைய சாமிகள். நடுவில் ஆயிரம் வருஷம் மறந்தே போனார்களாம். இப்போது அவர் ஊர்ப் பக்கத்தில் ஒரு பத்திருபது பேர் பழைய ஏடுகளைப் படித்து மறுபடி கும்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். வருஷத்திலேயே நீளமான பகல் எதுவோ அன்று காட்டுக்குப் போய், பெரிய மரத்தடியில் நெருப்பு மூட்டி நிற்பார்களாம். அந்தச் சுத்தி, இடி இடிக்கிற சாமியின் ஆயுதம். பூமி தாய். கடலிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறவேண்டும். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, என் மனைவி இன்னொரு கரண்டி மீன் குழம்பை ஊற்றினாள். "நம்ம ஆளுதான்யா இவரு!" மாதா படத்தை மட்டும் கழற்றவில்லை. "வந்தவங்கள போன்னு சொல்றதா? ரெண்டு நாள் இருந்துட்டுப் போட்டும்."

ஒரு விஷயம் சொல்லும்போது மட்டும் அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. போன சண்டைக் காலத்தில் சில பாவிகள், எங்கள் ரத்தம்தான் உசத்தி என்று பேசி, இந்தச் சாமிகளின் அடையாளங்களையும் தூக்கிக்கொண்டு போய் உலகத்தையே கொளுத்தினார்கள் என்றார். "முன்னோர்கள நன்றி சொல்லத்தான் நெனைக்கணும். பீத்திக்க இல்ல."

கை கழுவியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் முருங்கை மரத்தடிக்குப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே பேர்களைச் சொன்னார். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா, அவருக்கு அப்பா... ஏழு பேர்! இவர் படகு கட்டினவர், இவர் கயிறு திரித்தவர் என்று தொழிலோடு சொன்னார். டம்ளரை என்னிடம் நீட்டினார். "இப்ப நீங்க."

ரெண்டு பேர் சொன்னேன். அதற்குமேல் தெரியாது.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத் திருவொற்றியூர்க் கரையில் எள்ளும் தண்ணியும் விடுகிறவன் நான். ஐயர் மூன்று தலைமுறைக்குப் பேர் கேட்பார். மூன்றாவது தெரியாது என்பேன். "சாமி பேரச் சொல்லு, போதும்" என்பார். சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பன்னிரண்டு வருஷம் அது எனக்கு உறுத்தவே இல்லை. அன்று முருங்கை மரத்தடியில் உறுத்தியது. ஆயிரம் வருஷம் மறந்துபோனவர் தேடிப் பிடித்து ஏழு பேர் சொல்கிறார். மறக்காமல் கும்பிட்டு வந்த எனக்கு மூன்று இல்லை. அமாவாசைக்கு இன்னும் ஐந்தே நாள். மூன்றாவது பேர் தெரியாமல் இந்த வருஷம் தண்ணியில் இறங்குவதில்லை என்று அம்மன் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"பேரனுக்குத் தாத்தா பேரு வைக்கிறது இல்லையா உங்க ஊர்ல? எங்க ஊர்ல, பேரு வச்சா அந்தப் பெரியவரே திரும்பி வராருன்னு நம்புவோம்" என்றார் எம்டன். வைப்போம்தான். அதனால்தானே பேரன் என்கிறோம். ஆனால் எங்கள் நைனா பேர் ராசா. அவர் தாத்தாவும் ராசாவா? கேட்டுச் சொல்ல எண்ணூரில் என் சித்தப்பா ஒருவர்தான் பாக்கி. அவரோ, என் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று எழுந்து போனவர். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"போய்ட்டு வாயா. நாலு திட்டு வாங்கினா நீ ஒண்ணும் தேஞ்சுட மாட்டே" என்றாள் மனைவி.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். சித்தப்பா கரையில் உட்கார்ந்து வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இன்னாடா, இப்பதான் எல போட்டீங்களா? கூப்புட வந்தியா?"

மணலிலேயே காலில் விழுந்தேன். "சித்தப்பா, தாத்தாவோட நைனா பேரு இன்னா?"

"எதுக்கு?"

"தண்ணி வுட."

"இத்தினி வருசம் யாருக்குடா வுட்டே?"

ஐயர் சொன்ன வழியைச் சொன்னேன். சித்தப்பா சிரித்த சிரிப்பில் வலை மடியிலிருந்து நழுவியது.

"சரி, உன் நைனா பேரு இன்னா?"

"ராசா."

"ராசாவாம்! எந்த ஊருக்குடா ராசா? அது கூப்புட்ற பேரு. அவருக்கு வச்சது அவரு தாத்தா பேரு. எங்காத்தா மாமனாரு பேர வாயால சொல்லுமா? புள்ளய இன்னான்னு கூப்புடும்? ராசா, ராசான்னுச்சு. அதுவே நின்னுபோச்சு."

ஒரு பேர் தேடிப் போனவனுக்கு ரெண்டு பேர் கிடைத்தது. பெற்ற தகப்பன் பேரையே தப்பாகச் சொல்லித் தண்ணி விட்டிருக்கிறேன்! பள்ளிக்கூடத்தில் என் பேருக்கு முன்னால் போட்ட எழுத்தும் தப்பு.

"அப்ப நைனா இத்தினி வருசம் வந்திருக்கவே மாட்டாரா, சித்தப்பா?"

"வந்திருப்பாருடா. ஆத்தா கூப்புட்டா ஓடியாந்த பேரு ஆச்சே அது!"

பிறகு அந்தப் பேரைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணிக்கும் எள்ளுக்கும் மட்டும் அது தெரிந்தால் போதும். கிளம்பும்போது, "அமாவாசைக்கு நானும் வரேன். எனக்கு மொதல் பந்தி" என்றார்.

அமாவாசையன்று எம்டனும் வந்தார். என் வேட்டியைக் கட்டி, மேலே பெல்ட் போட்டிருந்தார். அவர்கள் முறைப்படி தேனில் செய்த கள் ஊற்ற வேண்டுமாம். மதுவிலக்கு இருக்கிற ஊரில் கள்ளுக்கு எங்கே போவது? என் மனைவி இளநீரில் தேன் கலந்து சொம்பில் கொடுத்திருந்தாள். ஐயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவர் யாரு?"

"நம்ம சொந்தந்தான், சாமி. கொஞ்சம் வெளுத்துட்டாரு" என்றார் சித்தப்பா.

முழங்கால் தண்ணியில் நின்றேன். ஐயர் கேட்டார். நைனாவின் நிஜப் பேரைச் சொன்னேன், தாத்தா பேரைச் சொன்னேன். மூன்றாவதாக, முதலில் சொன்ன அதே பேர். சந்தோஷத்தில் குரலே எழும்பவில்லை.

"சத்தமா சொல்டா!" என்று சித்தப்பா என் முதுகில் தட்டினார். "கெழவருக்குக் காது கேக்காதுன்னு எங்க நைனா சொல்வாரு!"

அலைக்கு மேலே கத்தினேன். எள் விரலிடுக்கில் வழிந்து போயிற்று. நைனாவைக் கூப்பிட்டேனா, அவர் தாத்தாவைக் கூப்பிட்டேனா, எனக்கே தெரியவில்லை. நான் கத்தியதைப் பார்த்து எம்டனும் சொம்பைச் சாய்த்துக்கொண்டே தன் ஏழு பேரையும் கடலைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். ஐயர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டார்.

கரையிலிருந்து என் மனைவி விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னாயா இது, பத்துப் பேரா? நான் நாலு பேருக்குத்தான் வடிச்சு வச்சிருக்கேன்!"