‘டெம்பரரிலி’ என்றால் ரெண்டு வாரம்

நான் வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்தில் ‘டெம்பரரிலி’ என்று எழுத நேர்ந்தால், பக்கத்திலேயே ஒரு தேதியையும் போட்டுவிடுவேன். உடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். காரணத்தை நான் சொன்னதில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது நாங்கள் மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனவள் நான் ஒருத்திதான். ஒரு நாள் காலையில் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி சுவரில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார். எங்களைப் போன்ற காட்டோர லயத்துக்காரர்கள் மறுநாளே ஆபீஸ் பக்கத்து முள்வேலிக்குள் குடிபோக வேண்டும், ‘டெம்பரரிலி’. பொருள் எனக்குத் தெரியும்: கொஞ்ச காலத்துக்கு. அப்படியே சொன்னேன்.

“கொஞ்சம்னா எத்தன நாளு, பாப்பா?” என்றாள் அத்தை.

மாமா இறந்தபின் பால்வெட்டுச் சம்பளம் போதாமல், ஒரு தையல் மெஷினை வைத்துத்தான் அவள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். சாமான் ஏற்ற வரும் லாரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் இடம்தான். மெஷினை ஏற்றினால் அரிசிக்கும் பாத்திரத்துக்கும் இடமிருக்காது.

நோட்டீஸில் எண்ணே இல்லை. ‘தெரியாது’ என்று சொல்ல லயத்திலேயே நான் மட்டும் போட்டிருந்த ஸ்கூல் சப்பாத்து விடவில்லை.

“ரெண்டு வாரம்.”

“எங்க போட்டிருக்கு?”

அந்தச் சொல்லின் மேலேயே விரலை வைத்தேன்.

“அம்மாடி, ரெண்டு வாரத்துக்கா இம்புட்டு நீளம்!” அத்தை சிரித்தாள். மெஷினைப் பழைய சேலையால் போர்த்தி, வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் காட்டுப் பக்கம் புகை எழுந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் வந்து தங்கிவிடாதபடி காலி லயங்களைக் கொளுத்திவிட்டதாகக் கிராணி சொன்னார்.

“ரெண்டு வாரம்னு யாரு சொன்னா? புள்ள தப்பாப் படிச்சிருக்கும்.”

அத்தை அவர் மேல் பாய்ந்தாள். “எம் மருமவ இங்கிலீஷ் ஸ்கூல் லா! அவ சரியாத்தான் படிச்சா. வெள்ளக்காரன்தான் பேச்சு மாத்திட்டான்!”

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முந்தானை முடிச்சில் சாவி தெரிந்தது. இப்போது வேண்டாம், அத்தை அழுது முடிக்கட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச காலத்துக்குத்தான் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு தேதி போட வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.