அப்பா தைத்த ரஜாய்

புதிதாக அடித்த பஞ்சின் துகள் மூக்கில் ஏறினால் ஒரு தும்மல் வரும். அந்தத் தும்மலோடுதான் நாட்டின் தலைநகரத்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் குளிர்காலம் தொடங்கும். பஞ்சடிப்பவர் போனதும் பெண்கள் பிளாக்குக்கு நடுவிலிருந்த புல்தரையில் பாய் விரித்து, பஞ்சு அடைத்த "ரஜாய்" என்ற கனத்த போர்வையின் உறையைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளே பஞ்சு நகராதபடி தடித்த நூலால் தைப்பார்கள். யார் வீட்டு ரஜாயானாலும் எல்லோரும் சேர்ந்து தைப்பதுதான் வழக்கம். கை தைத்துக்கொண்டிருக்க, பேச்சு மாமியார், மருமகள், கேஸ் சிலிண்டர் என்று பிளாக் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வரும்.

நான் ஆறாவது படித்த வருடம் அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு வந்தார். தரைத்தள வீடு சில்லிட்டுக் கிடந்ததால் அம்மா அவரைப் பகலெல்லாம் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். வெயில் விழுந்த இடம் அது ஒன்றுதான். கூச்சத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தவரிடம் ஒருநாள் மாடி வீட்டு ஹர்ப்ரீத் ஆண்ட்டி ஊசியை நீட்டி, "பாயி சாஹப், கண்ணு கூசுது, நூல் கோத்துக் குடுங்க" என்று இந்தியில் கேட்டார். அவருடைய மகளுக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். அந்தச் சிவப்பு சாட்டின் ரஜாய் சீரோடு போக வேண்டியது. அப்பா கோத்துக் கொடுத்ததோடு நிற்காமல், தையல் சாய்கிறது என்றும் சொல்லிவைத்தார். "அப்படின்னா நீங்களே போடுங்க" என்று ஆண்ட்டி உறையின் ஓரத்தை அவர் மடியில் போட்டுவிட்டார். ஆபீசில் வருடக்கணக்காகப் பழைய கோப்புகளைத் தைத்துக் கட்டிய கை அது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் கோடு விழ, மறுநாள் நடுவில் வரவேண்டிய பூவையும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

"பொம்பளையளுக்கு நடுவுல ஊசியும் நூலுமா உக்காந்தா, ஊருல சிரிப்பாவ" என்று திருநெல்வேலிப் பேச்சில் முணுமுணுத்தாள் அம்மா. எனக்குப் பள்ளிப் பேருந்தை நினைத்துத்தான் பயம். பயந்தது போலவே, பேருந்து ஜன்னல் வழியே அவரைப் பார்த்த ஒருத்தி, "உன் அப்பா தர்ஜியா?" என்று கேட்டாள். தையல்காரரின் மகள் என்று பேருந்தே சிரித்தது. வீட்டுக்கு வந்து, "பஸ் வர்ற நேரத்துல மட்டும் உள்ள இருங்கப்பா" என்றேன். "சரிம்மா" என்றார், மறுநாளிலிருந்து வெளியே வரவே இல்லை.

நான்காம் நாள் ஹர்ப்ரீத் ஆண்ட்டி கதவைத் தட்டினார். பூ பாதியில் நிற்கிறது, எங்கள்மேல் ஏதும் வருத்தமா என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "அதெல்லாம் இல்ல பஹன்ஜி, கால் கொஞ்சம் வலி" என்றார் அப்பா. என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பொய், பேருந்தின் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் நாற்காலியைப் புல்தரைக்கு இழுத்துப் போட்டேன்.

"பஸ் வரும்போதும் இங்கயே இருங்கப்பா."

"நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான்."

மதியம் பேருந்திலிருந்து இறங்கி நேரே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஜன்னல் முகங்களெல்லாம் பார்க்க, உறையின் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். யாரோ என்னவோ கத்தினார்கள். பேருந்து போய்விட்டது, அப்பா அடுத்த இதழைத் தொடங்கினார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ரஜாய் முடிந்தது. சீர் பரப்பியிருந்த இடத்தில் ஆண்ட்டி அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தப் பூ எங்க மதராஸி பாயி சாஹப் போட்டது" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்ற அம்மா, அதில் இரண்டு இதழ் தன் யோசனை என்று அரைகுறை இந்தியில் சேர்த்துக்கொண்டாள். அவள் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

எங்கள் பிளாக்கை இடித்துவிட்டார்கள். புல்தரை இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் ஊருக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். நான் இப்போது நொய்டாவில், எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் கூடித் தைக்கும் குழுவில் இருக்கிறேன். பத்துப் பேரில் மூன்று பேர் ஆண்கள். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை.