மிச்சம் வைத்த மாத்திரை

அம்பிட்டியவில் மகள் வீட்டு அலுமாரியில் பாதி மாத்திரை மிஞ்சிய அன்டிபயோட்டிக் அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாவலப்பிட்டிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி இன்று வெறும் புல்மேடு. அந்தக் காலத்தில் அங்கே பினாயில் நெடியடிக்கும் ஜன்னலில் சல்ஃபா மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "எல்லாத்தையும் முடிக்கணும்!" என்று டிஸ்பென்சர் ஐயா தினமும் தொண்டை கிழியக் கத்துவார், லயத்து வரிசை வீடுகளின் சனமோ காய்ச்சல் விட்ட மறுநாளே மிச்சத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடும். என் காதில் சீழ் வடிந்தபோதும் அம்மா அதைத்தான் செய்தார்.

"அடுத்த தடவைக்கு ஆகும்டா."

சீழ் திரும்பி வந்தது. மிச்சம் போதவில்லை. வலது காது போயிற்று.

மகளைத் திட்டினேன். சிரித்தபடி ஏதோ சொன்னாள். என் வலப்பக்கம் நின்றிருந்தாள், எனக்குக் கேட்கவில்லை.