வாஹித் பாய் சீனத்து ஃபைலை இறக்கிய கதை

கம்பம் ஊரில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் விற்கும் அப்துல் வாஹித், சொந்த நிழல் பின்னால் வந்தாலும் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நடப்பார். திராட்சைப் பெட்டி வாங்கினால் மேலடுக்கை மதிக்கவே மாட்டார். கவிழ்த்து அடியைப் பார்ப்பார். 2008-இல் சீனாவிலிருந்து புது ஸ்பிரேயர்கள் வந்தபோதும் அதே கதைதான். ஒவ்வொன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, உள்ளே பழைய சாமான் இல்லை என்று தெரிந்த பிறகே மறுபடி பூட்டி விற்றார். அவரிடம் வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று ஊரில் ஒரு பேர். அந்தப் பேரை வைத்துத்தான் கடையே ஓடியது.

அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது. மழை மூட்டம் போட்டு, திராட்சைக் கொடியில் நோய் இறங்கும் நேரத்தில், விற்ற ஸ்பிரேயர் எல்லாம் உறுமியதே தவிர மருந்து பீய்ச்சவில்லை. அனுமந்தன்பட்டி திராட்சை விவசாயி நாகராஜ் தன்னுடையதைக் கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கம்பெனிக்காரனைக் கேட்டால், “உள்ளமைப்புப் படம் எங்கள் சர்வரில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்” என்றான்.

இறக்க ஒரு ப்ரோக்ராம் வேண்டுமாம். பாய் கம்ப்யூட்டர் சென்டர் நதியாவிடம் போனார். அவள் திறந்த முதல் ப்ரோக்ராமில் ஃபைல் பெயரெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி.

“பேரை மறைச்சுச் சரக்கு தர்றவன் யோக்கியனா ஆத்தா?”

“மறைக்கல பாய். இதுக்குச் சீன எழுத்து படிக்கத் தெரியல. பேரு தெரியாம எதை இறக்குறது?”

இரண்டாவது சீனாக்காரனே செய்தது. பெயர்கள் தெரிந்தன, ஆனால் பட்டன்களும் சீனத்திலேயே இருந்தன.

“மூடு அதை! எதை அமுக்குனா நம்ம கணக்கு வழக்கெல்லாம் அங்கன போகுமோ!”

மூன்றாவதில் பட்டன்கள் இங்கிலீஷ், ஃபைல் பெயர்கள் சீனம். பாய்க்கு இதுதான் அதிகச் சந்தேகம் தந்தது. இவ்வளவு ஒழுங்காக எதுவும் இருந்து அவர் பார்த்ததில்லை. ஸ்பிரேயர் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து, அதில் அச்சடித்த சீனப் பெயரை மானிட்டரோடு ஒட்டிப் பிடித்து, கோடு கோடாக ஒப்பிட்டார்.

“பாய், தலையை எடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல.”

“பொறு. இந்தா, இதான். இதை இறக்கு.”

படம் வந்தது. கிண்ணம் மாதிரியான ரப்பர் வாஷர், வாய் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. பாய் பிரித்துப் பூட்டியதில் எல்லாமே பின்பக்கம் பார்த்திருந்தன.

“நேத்து மாத்தி வரைஞ்சிருப்பான்” என்றார்.

நதியா பக்கத்தில் இருந்த தேதியைத் தொட்டுக் காட்டினாள். சரக்கு கப்பல் ஏறுவதற்கும் முந்தைய தேதி. பாய் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கடைக்கு வந்து நாகராஜின் வாஷரைத் திருப்பிப் போட்டார். எதிர்ச்சுவர் நனைந்தது.

“அப்பத் தப்பு யாரு மேல?” என்றார் நாகராஜ்.

சீனாக்காரன் மேல் என்று சொன்னால் பேர் பிழைக்கும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “என் மேலதான்யா. நான் பிரிச்சு மாட்டுனதுல வந்த வினை” என்றார்.

நாகராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்பிரேயரைத் தோளில் ஏற்றிக்கொண்டே, “ஏன் பாய், எவனோ ஒரு சீனாக்காரனுக்குப் போயி இப்படி வக்காலத்து வாங்குறீக?” என்றார்.